அடுத்த வாசல்

ஈராண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்து இரவு ஒன்றில், குடும்பச் செபம் முடித்து நாங்கள் எழுந்த வேளையில் தொலைபேசி ஒலித்தது. எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மூத்த மகள் சென்னையிலிருந்து பேசினாள். வேலை கிடைத்து அங்குச் சென்று மூன்று வாரங்களே ஆகியிருந்தன. "அத்தை, இந்த ஊரில் எனக்கு யாருமில்லை. விடுதி, அலுவலகம், மறுபடி விடுதி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அழுகைதான் வருகிறது. அப்பாவிடம் சொன்னால் உடனே புறப்பட்டு வா என்பார். வந்துவிட்டால் தங்கைகளின் படிப்பு என்னாவது? நீங்கள் அந்த ஊரில் இத்தனை ஆண்டுகள் எப்படி இருந்தீர்கள்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் விடை சொல்ல எங்களால் இயலவில்லை. மறுநாள் இருவரும் அமர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். அக்கடிதத்தில் எழுதியவற்றையே, சற்று விரித்து, இங்கே நம் குடும்பங்களுக்காக எழுதுகிறோம். எழுதும் கை ஒன்றே ஆயினும் நினைவு எங்கள் இருவருடையது.

நாங்கள் 1982 முதல் 2010 வரை சென்னையில், சைதாப்பேட்டையில், ஒன்றரை அறை கொண்ட வாடகை வீட்டில் வாழ்ந்தோம். ஊரிலிருந்து வரும் உறவினருக்கு மெரினாவையும், கிண்டிப் பாம்புப் பண்ணையையும், சாந்தோம் பேராலயத்தையும் காட்டி அனுப்புவோம். அவற்றைத் தவிர வேறெதையும் நாங்களும் அறியோம். எங்களுக்கு இம்மாநகரின் மறுபக்கத்தைக் காட்டியது ஒரு துன்பமே.

1991 ஆம் ஆண்டில், குடும்பத் தலைவர் வேலை பார்த்த தொழிற்சாலை ஒரு திங்கட்கிழமை காலை திறக்கப்படவில்லை. பூட்டிய கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. அவ்வளவே. மகனுக்கு அப்போது எட்டு வயது, மகளுக்கு ஐந்து. பதினொரு மாதங்கள் வேலையின்றிக் கழிந்தன. வாடகையும் அரிசியும் போக மிச்சம் ஏதும் இராது. ஆயினும் ஞாயிறு மாலையில் குழந்தைகள், "எங்கே போகலாம்?" என்று கேட்பதை நிறுத்தவில்லை. செலவில்லாத இடமாகத் தேடத் தொடங்கினோம். தேடியபோது ஓர் உண்மை புலப்பட்டது. புகழ் பெற்ற வாசல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், யாரும் நுழையாத இன்னொரு வாசல் இருக்கிறது. நாம் விரைந்து நடப்பதால் அதைக் காண்பதில்லை.

அரண்மனைக்காரத் தெரு

பாரிமுனையை அடுத்த அர்மீனியன் தெருவில் உள்ள புனித மரியன்னை இணைப் பேராலயத்தை, "அந்தோனியார் கோயில்" என்றே மக்கள் அழைப்பர். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே கூட்டம் அலைமோதும். வேலை கிடைக்கவேண்டி, இல்லத்தரசியும் அந்த ஆண்டு செவ்வாய்தோறும் அங்குச் சென்று வந்தார். ஒருநாள் வெயில் தாளாமல், அதே தெருவில் சில அடிகள் தள்ளித் திறந்திருந்த ஒரு பெரிய மரக்கதவினுள் நிழலுக்காக நுழைந்தார். உள்ளே ஆளரவம் இல்லை. மரங்களும், தரையில் வரிசையாகக் கல்லறைக் கற்களும், வெள்ளைச் சுவர் கொண்ட ஓர் ஆலயமும் இருந்தன. வெளியே இருந்த இரைச்சல் அந்தக் கதவோடு நின்றுவிட்டது.

அது அர்மீனியர்களின் கன்னிமரி ஆலயம். 1712 ஆம் ஆண்டில் முதலில் கட்டப்பெற்று, 1772 இல் மீண்டும் எழுப்பப்பட்டது. பாரசீகத்திலிருந்து வாணிகத்தின் பொருட்டு வந்த அர்மீனியக் கிறிஸ்தவர்கள் அதைக் கட்டினர். தெருவுக்கு அர்மீனியன் தெரு என்று பெயர் வந்ததும் அவர்களாலேயே. அச்சொல் நம்மவர் நாவில் திரிந்து "அரண்மனைக்காரத் தெரு" ஆயிற்று. அங்கே எந்த அரண்மனையும் இருந்ததில்லை.

ஆலயத்தை ஒட்டாமல் தனியே நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் உள்ளன. வெவ்வேறு காலத்தில் வார்க்கப்பட்டவை. அவற்றுள் இரண்டு 1837 இல் லண்டனில் வார்க்கப்பட்டு வந்தவை. இந்த ஆலயம் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்ததன்று. தொன்மைமிக்க அர்மீனியத் திருச்சபைக்கு உரியது. வழிபட மக்கள் இல்லாமையால் இன்று அங்கே வழக்கமான ஆராதனை நடைபெறுவதில்லை.

அவ்வளாகத்தில் ஒரு குருவின் கல்லறை உண்டு. ஹருத்யூன் ஷ்மாவோனியன் என்பது அவர் பெயர். தம் இரு புதல்வரைப் பறிகொடுத்த துயரத்தோடு சென்னை வந்து சேர்ந்தவர். இந்நகரில் அச்சகம் ஒன்றை அமைத்து, 1794 ஆம் ஆண்டில் "அஸ்தாரார்" என்னும் இதழை வெளியிட்டார். உலகில் அர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் அதுவே! அர்மீனிய நாட்டிலன்று, நம் சென்னையில் அது பிறந்தது. ஈராண்டளவே நடந்து நின்றுபோன ஓர் இதழை, அம்மக்கள் இன்றளவும் தங்கள் இதழியலின் தொடக்கமாகப் போற்றுகின்றனர். சொந்த நாட்டையும் பிள்ளைகளையும் இழந்த ஒருவர், வந்தேறிய ஊரில் உட்கார்ந்து எழுத்துக் கோத்தார் என்பதை எண்ணிப் பார்த்தோம். அதன் பிறகு, வேலை இழந்த எங்கள் கவலை தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதைச் சுமந்துகொண்டு நடக்க முடிந்தது.

இராயப்பர் பெயரால் ஒரு நிலையம்

கடற்கரை நிலையத்துக்கு வடக்கே அடுத்த நிலையம் இராயபுரம். நம் முதியோர் பேதுருவை இராயப்பர் என்றே அழைத்தனர் அல்லவா? படகோட்டும் மக்கள் அங்கே எழுப்பிய புனித இராயப்பர் ஆலயத்தாலேயே அப்பகுதிக்கு இராயபுரம் என்று பெயர் வந்தது. அந்நிலையத்திலிருந்துதான் 1856 ஆம் ஆண்டு ஜூலை 1 இல் தென்னிந்தியாவின் முதல் பயணி இரயில் வாலாஜா நோக்கிப் புறப்பட்டது. இந்தியாவில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களுள் அதுவே மிகப் பழையது என்பர். உயர்ந்த தூண்கள் நிற்கும் அதன் முகப்பில் நின்று, "இங்கிருந்துதான் எல்லாம் தொடங்கிற்று" என்று மகனுக்குச் சொன்னோம். அவன், "அப்படியானால் ஏன் இங்கே யாருமில்லை?" என்று கேட்டான். தொடங்கி வைத்தவர்களைத் தேடிச் செல்வோர் எப்போதும் சிலரே என்பதை எட்டு வயதுச் சிறுவனுக்கு எப்படி விளக்குவது?

வேலை இழந்த கல்

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மையம் உள்ளது. புயல் காலத்தில் அதன் பெயரைச் செய்தியில் கேட்காதவர் இல்லை. அதன் வளாகத்தில் உயர்ந்த கருங்கல் தூண் ஒன்று நிற்பதை அறிந்தவர் மிகச் சிலரே. அரசு அலுவலகம் ஆகையால் அனுமதி பெற்றே உட்செல்ல வேண்டும். நாங்களும் கேட்டுப் பெற்றே சென்றோம்.

1792 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே வானியல் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தனர். விண்மீன் நோக்கும் கருவி சற்றும் அசையாதிருக்க, அதைத் தாங்குவதற்காக நிறுத்திய கல் அது. இலத்தீன், தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி ஆகிய மொழிகளில் அதில் எழுத்துகள் பொறித்துள்ளனர். கணித நூலறிவை ஆசியாவில் தாங்களே முதலில் விதைத்ததாக, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோர் அறியவேண்டும் என்ற கருத்தில் அவ்வெழுத்துகள் அமைந்துள்ளன. அவர்கள் வருமுன்னரே கோள்களின் நடையைக் கணித்து வைத்திருந்த நாடு இது. ஆள்வோரின் பெருமிதம் அவ்வாறு எழுதச் செய்தது. ஆயினும் அங்கே நடந்த வேலை மெய்யான வேலை. 1861 இல் நார்மன் போக்சன் அங்கிருந்தே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, அதற்கு "ஆசியா" என்று பெயரிட்டார். அவருக்குத் துணையாகப் பணியாற்றிய நம் நாட்டவரான சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867 இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் வகுக்கப்படுமுன், இந்நாட்டு இரயில்கள் அக்கூடம் கணித்த சென்னை நேரத்தின்படியே ஓடின.

1899 ஆம் ஆண்டில் விண்மீன் ஆய்வு கோடைக்கானலுக்குச் சென்றுவிட்டது. தாங்குவதற்கு இன்று கருவி இல்லை. தூண் மட்டும் அசையாமல் நிற்கிறது. குடும்பத் தலைவர் அதன்மீது கை வைத்தபடி நெடுநேரம் நின்றிருந்தார். "இதற்கும் வேலை போய்விட்டது" என்று அவர் சொன்னபோது நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். பல வாரங்களுக்குப் பின் எங்கள் குடும்பத்தில் எழுந்த முதற் சிரிப்பு அது.

செய்தித்தாளின் நான்காம் பக்கம்

எழும்பூரில் அருங்காட்சியகத்தைப் பார்க்கச் செல்வோர், அதே வளாகத்திலுள்ள கன்னிமாரா பொது நூலகத்தைக் கடந்தே போவர். 1896 இல் திறக்கப்பட்டது அந்நூலகம். இந்தியாவில் வெளியாகும் நூல்களையும் இதழ்களையும் சட்டப்படி பெற்றுப் பாதுகாக்கும் நான்கு நூலகங்களுள் அதுவும் ஒன்று. வண்ணக் கண்ணாடிகள் பதித்த அதன் பழைய மண்டபத்தின் அழகைப் பற்றி எழுதவே ஒரு தனிக் கட்டுரை வேண்டும்.

ஆனால் நாங்கள் நினைத்துப் பார்ப்பது அம்மண்டபத்தையன்று. செய்தித்தாள் படிக்கும் மேசையையே. அந்தப் பதினொரு மாதங்களும் காலையில் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து, வேலைக்குச் செல்பவரைப்போலவே குடும்பத் தலைவர் வீட்டைவிட்டுக் கிளம்புவார். அண்டை வீட்டார் அறியவேண்டாம் என்பது ஒரு காரணம். பிள்ளைகள் தந்தையை வீட்டில் படுத்திருக்கக் காணவேண்டாம் என்பது மற்றொன்று. அவர் சென்று அமர்ந்தது அந்த மேசையில்தான். அங்கே அவரைப்போல் இன்னும் பத்துப் பன்னிருவர் இருந்தனர். எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டை. எல்லோருக்கும் வேண்டியது "ஆட்கள் தேவை" என்ற பக்கம். ஒருவர் படித்து முடித்ததும், அப்பக்கத்தை மடிப்புக் கலையாமல் அடுத்தவர் பக்கம் தள்ளி வைப்பார். பேச்சு இராது; அங்கே பேசக்கூடாது. ஆயினும் அந்த மரியாதையில் ஒரு தோழமை இருந்தது.

அம்மேசையிலிருந்தே வேலையும் வந்தது. பக்கம் பகிர்ந்துகொண்ட ஒருவர், தமக்கு வேலை கிடைத்த சிறு பட்டறையில் இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்று தேடி வந்து சொன்னார். சம்பளம் முன்னையதைவிடக் குறைவு. ஆனால் அங்கேயே பதினெட்டு ஆண்டுகள் உழைத்து, பிள்ளைகள் இருவரையும் படிக்க வைத்தோம்.

காட்டுக் கோயில்

மயிலையில் "லஸ் கார்னர்" என்று சொல்லாதவர் இல்லை. லஸ் என்பது என்ன என்று கேட்டவர் உண்டா? போர்த்துக்கீசிய மொழியில் அச்சொல்லுக்கு ஒளி என்பது பொருள். அருகில் உள்ள பிரகாச மாதா ஆலயத்தாலேயே அவ்விடத்துக்கு அப்பெயர் வந்தது. கடலில் திசை தெரியாமல் தவித்த போர்த்துக்கீசியர், கரையில் ஓர் ஒளியைக் கண்டு, அதைப் பின்பற்றி வந்து கரையேறினர். ஒளி மறைந்த இடத்தில் அன்னைக்குக் கோயில் எழுப்பினர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1516 என்ற ஆண்டை அங்குள்ள கல்வெட்டு காட்டுகிறது. அக்காலத்தில் சுற்றிலும் காடாக இருந்தமையால் அதற்குக் காட்டுக் கோயில் என்றும் பெயர். இன்று சுற்றிலும் இருப்பது கடைகளும் ஊர்திகளும். காடு மறைந்தது, பெயர் நிலைத்தது.

சாந்தோமுக்கு வரும் திருப்பயணிகள் அனைவரும் இச்சிறு ஆலயத்துக்கு வருவதில்லை. அந்த ஆண்டு எங்கள் திருமண நாளன்று ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள எங்களிடம் ஒன்றுமில்லை. வளையல்கள் அடகுக் கடையில் இருந்தன. மாலையில் அங்கே சென்று, கடைசி வரிசையில் அமர்ந்து, செபமாலை சொன்னோம். கடலில் தவித்தவர்களுக்குக் கரை முழுவதும் தெரியவில்லை. ஒரு விளக்களவு ஒளியே தெரிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. அன்று எங்களுக்குக் கிடைத்த பரிசு அந்த எண்ணமே.

அளவுச் சங்கிலி தொடங்கிய மலை

புனித தோமையார் மலையை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் இல்லை. படியேறி, ஆலயத்தில் செபித்து, மெழுகுவர்த்தி ஏற்றி இறங்கிவிடுகிறோம். அப்படிகளைச் செப்பனிட்டுத் தந்தவர் பெட்ரூஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர். மலைக்குச் செல்வோர் அடையாற்றைக் கடக்கத் துன்புற்றதைக் கண்டு, 1726 இல் சைதாப்பேட்டையில் தம் சொந்தப் பொருளால் பாலமும் கட்டினார். பிற்காலத்தில் அது இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் இன்றைய மறைமலையடிகள் பாலம் எழுந்தது. பழைய பாலத்தின் கல்வெட்டு எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் சாலையோரம் நின்றது. ஒன்பது ஆண்டுகள் அதைக் கடந்து நடந்தோம். பத்தாம் ஆண்டில்தான் நின்று பார்த்தோம்.

அம்மலைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1802 ஆம் ஆண்டு ஏப்ரல் 10 இல், வில்லியம் லாம்ப்டன் என்னும் படை அதிகாரி மலையடிவாரத்துச் சமவெளியில் எஃகுச் சங்கிலியை விரித்து அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள அந்த முதற் கோட்டை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. அக்கோட்டின்மீது முக்கோணத்தோடு முக்கோணமாக அடுக்கிக்கொண்டே வடக்கே சென்றனர். லாம்ப்டன் இறந்தார், ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்தார், அவருக்குப் பின் வந்தோரும் தொடர்ந்தனர். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், ராதாநாத் சிக்தார் என்னும் வங்காளக் கணிதர் இமயத்துச் சிகரமொன்றே உலகில் மிக உயர்ந்தது என்று கணக்கிட்டார். உலகின் மிக உயர்ந்த மலையை அளக்க, சுமார் 300 அடியே உயரமுள்ள நம் மலையிலிருந்து புறப்பட்டிருக்கிறார்கள்! லாம்ப்டனின் மார்பளவுச் சிலை இன்று மலைமேல் உள்ளது. எங்கள் பிள்ளைகளுக்கோ அந்நாளில் பிடித்தது, மலைச் சுவரோரம் அமர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குவதை எண்ணுவதுதான். வறுத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் நால்வருக்கும் போதும்.

கடலோரத்து வளைவு

பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா ஆலயத் திருவிழாவுக்குச் செல்வோர், பக்கத்துக் கடற்கரையில் வெண்ணிற வளைவு ஒன்று நிற்பதைக் கண்டிருப்பர். அதன் நிழலில் அமர்ந்து சுண்டல் தின்றும் இருப்பர். அது ஷ்மிட் என்னும் டென்மார்க் நாட்டவரின் நினைவுச் சின்னம். 1930 ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று, அக்கடலில் மூழ்கிக்கொண்டிருந்தோரைக் காப்பாற்ற இறங்கி, அவர் உயிர் துறந்தார். ஊர் வேறு, மொழி வேறு. தம் உயிர் தமக்கு இனிது என்று கரையில் நின்றிருக்கலாம். நின்றாரில்லை. அன்பு எதுவரை செல்லும் என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் சொல்லித் தருவதைப் பிள்ளைகள் கண்ணாற் காண்பதற்கு அந்த வளைவு உதவும். ஆலயத்திலிருந்து வெளியே வந்தால் நடக்கும் தூரமே.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வளவையும் அப்பெண்ணுக்கு எழுதினோம். உடன் ஒரு விதியும் எழுதினோம்: ஞாயிறு திருப்பலிக்குப் பின் விடுதிக்குத் திரும்பாதே, ஓர் இடத்துக்குப் போ, தனியே போகாதே, விடுதியில் அழுதுகொண்டிருக்கும் இன்னொருத்தியை அழைத்துப் போ.

நம் பங்குகளிலிருந்து ஆண்டுதோறும் எத்தனையோ பிள்ளைகள் மாநகர் செல்கின்றனர். ஊறுகாயும் பொடியும் கட்டிக் கொடுக்கிறோம். பத்திரம் என்று நூறு முறை சொல்கிறோம். அந்நகரைப் பற்றி நாம் சொல்வது பெரும்பாலும் அச்சமூட்டும் செய்தியே. நேசிப்பதற்கு அங்கே ஏதேனும் உண்டு என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. ஓர் ஊரில் நாலைந்து இடங்களேனும் தமக்கென்று ஆகிவிட்டால், அந்த ஊர் அவர்களை எளிதில் உதறிவிடாது. முதல் ஞாயிறு மட்டுமேனும் பெற்றோர் உடன் சென்று, ஒரு வாசலைக் காட்டிவிட்டு வரலாம் அல்லவா?

அப்பெண் ஊர் திரும்பவில்லை. அங்கேயே வேலையில் இருக்கிறாள். தங்கைகளுள் மூத்தவள் இவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை அவள் மீண்டும் தொலைபேசியில் அழைத்தாள். பின்னே நாலைந்து பெண்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டன. "அத்தை, உங்கள் கடிதத்தில் இல்லாத ஓர் இடத்தை நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம்" என்றாள். எந்த இடம் என்று கேட்டோம். "சொல்லமாட்டேன். மாமாவோடு வாருங்கள், நானே அழைத்துப் போகிறேன்" என்றாள்.

இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்த ஊரில் எங்களுக்கும் தெரியாத ஒரு வாசல் இன்னும் இருக்கிறதாம். பொங்கல் முடிந்ததும் புறப்படுவதாக இருக்கிறோம்.